அப்பாவுக்குக் கொண்டுபோன பிரசங்கம்

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகலாமா வேண்டாமா என்ற பேச்சு ஒருநாளும் எழுந்ததில்லை. கோயில் என்று நாங்கள் சொல்வது சர்ச்சைத்தான். காய்ச்சல் என்று சொன்னால் அம்மா புறங்கையால் கழுத்தைத் தொட்டுப் பார்ப்பாள். அவள் கைக்குச் சுட்டால் காய்ச்சல், சுடாவிட்டால் கோயில். மறுநாள் பரீட்சை, ஊரிலிருந்து விருந்தாளி, செருப்பு அறுந்துவிட்டது என்ற கதைகள் எதுவும் அவளிடம் செல்லாது. மழை என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தேன். "நீ என்ன உப்பா, கரையறதுக்கு?" என்று குடையை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டாள்.

இன்றைக்குப் பிள்ளைகளை எழுப்பிக் கோயிலுக்குக் கிளப்புவதற்குள் மூச்சு வாங்கி நிற்கிற பெற்றோரைப் பார்க்கிறேன். பாவமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் மனசுக்குள், எங்கள் அம்மாவிடம் ஒரு மாதம் விட்டுப் பாருங்கள் என்று சொல்லிக்கொள்வேன். பெற்றவர்களைப் பற்றிப் பெருமை பேசக் கூடாது என்று யாராவது சட்டம் போட்டிருந்தால், அந்தச் சட்டத்தை நான் மதிக்கப்போவதில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், எங்களைக் கோயிலுக்கு அனுப்புவதில் அம்மாவைவிடக் கண்டிப்பாக இருந்த அப்பா, ஞாயிற்றுக்கிழமை கோயில் பக்கமே வந்ததில்லை. வர முடியாது. அப்பா ஸ்ரீரங்கம் ரயில்வே ஸ்டேஷனில் உதவி ஸ்டேஷன் மாஸ்டர். பகல் வேலை அவருடையது, இரவு வேலை இன்னொருவருடையது. வார ஓய்வு செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமை பாலம் தாண்டித் திருச்சிக்குப் போய், யாருமில்லாத கோயிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவார். "அங்க கோயில் இருக்கு, ஆராதனை இல்லை" என்பார்.

ஆகவே ஆராதனையை அவரிடம் கொண்டுவருவது எங்கள் வேலையாக இருந்தது. ஸ்டேஷனை ஒட்டிய குவார்ட்டர்ஸில்தான் வீடு. ஞாயிறு காலையில் ஆறரைக்கெல்லாம் அம்மாவும் நானும் தம்பியும் கிளம்பி, அம்மா மண்டபம் சாலை வழியாக மாம்பழச் சாலைக்கு வந்து, காவிரிப் பாலத்தில் நடந்து கோயிலுக்குப் போவோம். போகும்போது நடை, திரும்பும்போது பஸ். பஸ் சுகத்துக்காக அல்ல. பதினொன்றரை மணிக்குப் பிறகு ஸ்டேஷனில் அரை மணி நேரம் வண்டி கிடையாது. அந்த அரை மணிக்குள் நாங்கள் போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

பிளாட்பாரத்தின் கோடியில் ஒரு வேப்பமரம் இருந்தது. அதற்குக் கீழே, வெள்ளைக் கோட்டும் தொப்பியுமாக அப்பா நிற்பார். எங்களைப் பார்த்ததும், "என் ஆராதனை வந்தாச்சு" என்று தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொள்வார். பிறகு வரிசையாக ஒப்பிக்க வேண்டும். என்னென்ன பாட்டு, அவற்றின் எண், வேதபாடம் எங்கிருந்து வாசித்தார்கள், பிரசங்கத்தின் தலைப்புகள், ஒவ்வொரு தலைப்பிலும் என்ன சொன்னார், எல்லாம் என் பொறுப்பு. அறிவிப்புகள் தம்பியுடையவை. கல்யாண ஓலை வாசித்தால், அதாவது இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், ஆட்சேபம் உள்ளவர்கள் சொல்லலாம் என்று சபையில் மூன்று வாரம் அறிவிப்பார்களே, அதை ஊர் முதற்கொண்டு அவன் சொல்ல வேண்டும். அம்மா கூடவே நிற்பாள், ஆனால் வாயைத் திறக்கக் கூடாது. "அவளுக்கு எல்லாம் தெரியும். உங்களுக்கு என்ன தெரிஞ்சுதுன்னு எனக்குத் தெரியணும்" என்பார் அப்பா.

முதலில் எனக்கு இது பெரிய தண்டனையாக இருந்தது. மற்றப் பிள்ளைகள் பிரசங்க நேரத்தில் பாயில் உட்கார்ந்து ஒருவர் தாவணியை ஒருவர் முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கும்போது, நான் மட்டும் விரலை மடக்கி மடக்கித் தலைப்புகளை எண்ணிக்கொண்டிருப்பேன். ஆனால் அப்பா கேட்கிற விதம் இருக்கிறதே, அதற்காக எத்தனை பிரசங்கத்தையும் சுமக்கலாம். ஸ்டேஷனில் எத்தனையோ பெரிய மனிதர்கள் அவரிடம் வந்து பேசுவார்கள். அவர்களிடமெல்லாம் ஒரு கண்ணை சிக்னல் மேல் வைத்துக்கொண்டுதான் பேசுவார். எங்களிடம் மட்டும் இரண்டு கண்ணையும் கொடுப்பார். பத்து வயதுப் பெண்ணுக்கு அதைவிட என்ன வேண்டும்.

எங்களுக்கு இன்னொரு கேட்பவரும் இருந்தார். டிக்கெட் கொடுக்கிற கிளார்க். சித்திரை வீதிக்காரர், பளிச்சென்று திருமண் இட்டுக்கொண்டு, விடியற்காலையில் பெருமாளைச் சேவித்துவிட்டு வேலைக்கு வருகிறவர். வண்டி இல்லாத நேரமாதலால் ஜன்னலை மூடிவிட்டு அவரும் மரத்தடிக்கு வந்துவிடுவார். "குழந்தை இன்னைக்கு உபன்யாசம் நன்னா பண்றா" என்று அப்பாவிடம் சொல்வார். சில நாள் அவருக்குச் சந்தேகம் வரும், கேள்வி கேட்பார். எனக்குப் பதில் தெரியாவிட்டால், "அடுத்த வாரம் உங்க ஐயரைக் கேட்டுண்டு வா" என்பார். எங்கள் சபையில் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். அதில் அவருக்கு ஒரு சிரிப்பு உண்டு.

எனக்குப் பன்னிரண்டு வயது ஆன வருஷம் எங்கள் தங்கை பிறந்தாள். ஐம்பதுகளின் கடைசி அது. கைக்குழந்தையோடு அம்மாவால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது. சில மாதங்களுக்கு நானும் தம்பியும் மட்டும் போய்வர வேண்டும் என்று முடிவானது. அம்மா சனிக்கிழமையே துணியைக் கஞ்சி போட்டுத் தேய்த்து வைத்துவிடுவாள். காலையில் வாசலில் நின்று, நாங்கள் தெருமுனை தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள்.

அந்த ஆடியில் காவிரி இரு கரையும் தொட்டுக்கொண்டு வந்தது. ஞாயிறு காலையில் நாங்கள் பாலத்துக்கு வந்தபோது கைப்பிடிச் சுவர் ஓரமெல்லாம் ஜனக்கூட்டம். செக்கச் செவேலென்று தண்ணீர். முசிறிப் பக்கத்திலிருந்து வாழைமரங்கள் தாரோடு அப்படியே மிதந்து வந்தன. ஒரு வைக்கோல் போர் முழுசாக வந்தது, அதன் மேல் ஒரு கோழி நின்றுகொண்டிருந்தது. தம்பி நகர மாட்டேன் என்றான். அவன் மேல் பழியைப் போட்டுவிடலாம்தான். ஆனால் நானும் நகரவில்லை. கோழி ரயில் பாலத்துப் பக்கம் போய் மறைகிறவரை பார்த்தோம். பிறகு வேறொன்று வந்தது, அதைப் பார்த்தோம். அக்கரையில் கோயில் மணி அடித்து ஓய்ந்ததுகூடக் காதில் விழுந்தது. இனிமேல் போனால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். பிறந்ததிலிருந்து முதல் தடவையாகக் கோயிலுக்கு டிமிக்கி கொடுத்தோம்.

பயமே இல்லை. அதுதான் ஆச்சரியம். பாலத்தின் மேலேயே ஓர் ஆராதனையைத் தயார் செய்துவிட்டோம். பாட்டு எண்கள் மூன்று மனசுக்குத் தோன்றியபடி. பிரசங்கத்துக்கு, மாற்றலாகிப் போன பழைய ஐயர் எப்போதோ செய்ததை எடுத்து, பழைய சோற்றைத் தாளிப்பதுபோல் இரண்டு வார்த்தையை மாற்றிக்கொண்டேன். அறிவிப்பை அவனே பார்த்துக்கொள்கிறேன் என்றான் தம்பி.

வேப்பமரத்தடியில் அப்பா தொப்பியைக் கழற்றினார். நான் கணீரென்று ஆரம்பித்தேன். முதல் பாட்டின் எண்ணைச் சொன்னேன், இரண்டாவதைச் சொன்னேன், மூன்றாவதைச் சொன்னேன். அப்பா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பிரசங்கம் முடிந்தது. தம்பி ஓலை வாசித்தான். எங்கள் கோயிலில் ஆர்மோனியம் வாசிப்பவருக்கும் பொன்மலைப் பெண் ஒருத்திக்கும் திருமணம் என்றான். அந்த ஆர்மோனியக்காரருக்குப் போன தை மாதமே கல்யாணம் ஆகிவிட்டது. அந்த ஓலையை மூன்று வாரம் தொடர்ந்து அப்பாவுக்குச் சொன்னவனும் இவனேதான்.

அப்பா ஆபீஸ் அறைக்குள் போய் மேஜை டிராயரிலிருந்து தன் பாட்டுப் புத்தகத்தை எடுத்து வந்தார். நான் சொன்ன மூன்றாவது எண்ணைப் பிரித்து, புத்தகத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். அடக்க ஆராதனையில், குழியருகில் நின்று பாடுகிற பாட்டு.

"இன்னைக்குக் காலையில யாரை அடக்கம் பண்ணாங்கம்மா?" என்று கேட்டார்.

கோபமாகக் கேட்டிருந்தால் அழுதிருப்பேன், அத்தோடு போயிருக்கும். அவர் குரலில் கோபமே இல்லை. நான் பாலத்தில் நின்றதைச் சொன்னேன். கோழியைப் பற்றித் தம்பி சொன்னான். அப்பா முழுவதையும் கேட்டுவிட்டுப் புத்தகத்தை மூடினார். "அப்போ இந்த வாரம் எனக்கு ஆராதனை இல்லை" என்று தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு ஆபீஸைப் பார்த்து நடந்தார். அன்றைக்கு அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றபோது வந்த வெட்கம் இந்த வயதிலும் எனக்கு மறக்கவில்லை. அவர் சாப்பாட்டைப் பாதி வழியில் நான் தின்றுவிட்டு வெறும் தூக்குச்சட்டியை நீட்டியதுபோல் இருந்தது.

அவர் அம்மாவிடம் சொல்லவில்லை. அடிக்கவில்லை. ஆனால் அடுத்த ஞாயிறு முதல், நாங்கள் வரும்போதே பாட்டுப் புத்தகம் அவர் கையில் இருந்தது. நான் ஓர் எண்ணைச் சொன்னால் புரட்டிப் பார்ப்பார். அடுத்ததைச் சொன்னால் அதையும் புரட்டிப் பார்ப்பார். வாரா வாரம், ஒவ்வோர் எண்ணுக்கும். அந்தத் தாள் புரள்கிற சத்தம் என் கன்னத்தில் அறைவதுபோல இருக்கும். செய்தது நான்தான், வாய் திறக்க வழியில்லை. எப்படியாவது அந்தப் புத்தகம் மறுபடி டிராயருக்குள் போக வேண்டும், அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. முன்வரிசைப் பாயில் உட்கார்ந்து கண்கொட்டாமல் கேட்க ஆரம்பித்தேன். ஐயர் இருமினால் அதையும் சொல்லத் தயாராக இருந்தேன்.

அந்த ஐயர் புதியவர். ஆனி மாதம்தான் மாற்றலாகி வந்திருந்தார். இளவயது. வேகமாகப் பேசுவார், ஒவ்வொரு பிரசங்கத்துக்கும் மூன்று தலைப்பு வைப்பார். கோயிலின் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் சபை மூப்பரைக் கண்டால் அவருக்கு நடுக்கம் என்று எங்களுக்கே தெரியும். பிரசங்கம் நீண்டால் மூப்பர் கோட்டுப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்து முழங்கால் மேல் வைப்பார். ஐயருக்கு அப்போதே நாக்கு குழற ஆரம்பித்துவிடும்.

புரட்டாசியில் ஒரு ஞாயிறு. நடக்க முடியாத ஒருவரைப் படுக்கையோடு நான்கு பேர் தூக்கி வந்து, கூட்டத்தால் உள்ளே நுழைய முடியாமல், கூரையைப் பிரித்து இயேசுவின் முன்னால் இறக்கிய கதையைப் பற்றிப் பிரசங்கம். "இந்தக் கதையில மூணு பேரைப் பார்ப்போம்" என்று ஐயர் ஆரம்பித்தார். முதலாவது, தூக்கி வந்தவர்கள். நான் ஒரு விரலை மடக்கினேன். இரண்டாவது, யாருடைய கூரை பிரிக்கப்பட்டதோ அந்த வீட்டுக்காரர். அவர் ஏன் சண்டைக்கு வரவில்லை என்று அழகாகச் சொன்னார். இரண்டாவது விரலை மடக்கினேன். மூப்பரின் கடிகாரம் முழங்காலுக்கு வந்தது. ஐயர் ஒருமுறை அதைப் பார்த்தார், சட்டென்று ஜெபத்துக்கு வந்துவிட்டார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். என் மூன்றாவது விரல் மடங்காமல் நீட்டிக்கொண்டிருந்தது.

பஸ்ஸில் அந்த விரலை மடக்கியும் நீட்டியும் பார்த்துக்கொண்டே வந்தேன். முந்தின நாள் புரட்டாசி சனிக்கிழமைக் கூட்டம் வந்துபோயிருந்ததால் பிளாட்பாரம் முழுக்கத் துளசியும் கிழிந்த வாழையிலையுமாகக் கிடந்தது. அப்பா பாட்டு எண்களைச் சரிபார்த்தார். எல்லாம் சரி. நான் தூக்கி வந்த நான்கு பேரைச் சொன்னேன், வீட்டுக்காரரைச் சொன்னேன். நிறுத்தினேன்.

"மூணாவது?" என்றார் அப்பா.

"ஐயர் சொல்லலைப்பா."

"மூணு பேருன்னு சொல்லிட்டு ரெண்டோட நிறுத்திட்டாரா?"

"ஆமாப்பா."

கிளார்க் தலையை ஆட்டினார். "உபன்யாசம் பண்றவா அப்படிப் பண்ணமாட்டாளே. மூணுன்னு எடுத்துட்டா மூணையும் முடிச்சுட்டுத்தான் எழுந்துப்பா. குழந்தை மறந்துட்டா போலிருக்கு" என்றார். அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். அந்த நிமிஷம் அவர் திருமண்ணை அழித்துவிடலாமா என்று எனக்கு ஆத்திரம் வந்தது. தம்பி, "நிஜமாத்தான்ப்பா, அவர் சொல்லலை" என்று எனக்காகப் பரிந்து பேசினான். ஆர்மோனியக்காரருக்கு இரண்டாம் கல்யாணம் செய்துவைத்தவன் சாட்சிக்கு என்ன மதிப்பு இருக்கும். அப்பா என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பாட்டுப் புத்தகத்தைக் காட்டிய அன்றைக்குப் பார்த்த அதே பார்வை. "சரி, போய்ச் சாப்பிடுங்க" என்றார்.

அந்த வாரம் முழுவதும் வீட்டில் நான் வைத்த பாத்திரம் எதுவும் சத்தமில்லாமல் தரைக்கு வரவில்லை. பொய் சொன்னபோது மாட்டிக்கொண்டது நியாயம். உண்மையைச் சொல்லி மாட்டிக்கொள்வதை என்னால் பொறுக்க முடியவில்லை. புதன்கிழமை அம்மா குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, "என்னடி ஆச்சு உனக்கு?" என்றாள். கோழியிலிருந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். டிமிக்கி கொடுத்ததற்கு முதலில் முதுகில் ஒன்று வைத்தாள். அது இரண்டு மாதம் தாமதமாக வந்த அடி. பிறகு, "ஐயர் சொல்லலைன்னா ஐயர்கிட்டதானே கேக்கணும்? பாத்திரத்துக்கு என்ன தெரியும்?" என்றாள்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கோயில் படியில் ஐயர் நின்று ஒவ்வொருவருக்கும் கைகொடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மூப்பர். நான் தம்பி கையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றேன். எங்கள் முறை வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் ஐயர் முந்திக்கொண்டார்.

"ஸ்ரீரங்கத்துப் பிள்ளைங்கதானே? ஏம்மா, உங்க அப்பா கோயிலுக்கு வர்றதே இல்லையாமே? மூப்பர்கள் எல்லாம் வருத்தப்படுறாங்க. பிள்ளைங்களை மட்டும் அனுப்பிட்டாப் போதுமா?"

மூப்பர் மெதுவாகத் தலையை ஆட்டினார். எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. நான் கேட்க வந்தது எனக்காக. இப்போது அது அப்பாவுக்காக ஆகிவிட்டது.

"எங்க அப்பாவுக்கு ஞாயித்துக்கிழமை லீவு கிடையாதுங்கய்யா. வண்டிக்குப் பச்சைக்கொடி காட்ட வேற ஆள் இல்லை" என்றேன். "நாங்க போய் உங்க பிரசங்கத்தை முழுசா அவர்கிட்டச் சொல்லுவோம். வாரா வாரம். போன வாரம் நீங்க மூணு பேருன்னு சொல்லிட்டு ரெண்டு பேரைத்தான் சொன்னீங்க. மூணாவது ஆளை நான்தான் கேக்காம விட்டுட்டேன்னு அப்பா நினைக்கிறாங்க. நீங்க சொல்லவே இல்லை. தூக்கி வந்தவங்க, வீட்டுக்காரர், அப்புறம் ஜெபம்."

பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். விட்டால் போதும் என்று தம்பி என் கையை இழுத்தான். நான் நிறுத்தவில்லை. சண்டைக்கு வராத வீட்டுக்காரரைப் பற்றி ஐயர் சொன்னதையெல்லாம் அவருக்கே ஒப்பித்தேன். அதற்கு முந்தின வாரத்துப் பிரசங்கத்தையும், எதற்கும் இருக்கட்டும் என்று, மூன்று தலைப்போடு சொன்னேன். ஒரு வார்த்தை தப்பவில்லை.

ஐயர் கையிலிருந்த வேதப்புத்தகத்தைத் திறந்து, உள்ளேயிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். பிரித்துப் பார்த்தார். அவர் முகம் சிவந்துபோனது. "நீங்க வீட்டுக்குப் போங்கம்மா" என்று மட்டும் சொன்னார்.

பெரியவர்களை நாலு பேர் முன்னால் எதிர்த்துப் பேசிவிட்டேன், வீட்டுக்குப் புகார் வரப்போகிறது என்று வழியெல்லாம் பயந்துகொண்டு வந்தேன். அப்பாவிடம் அன்றைய ஆராதனையைச் சொன்னேன். படியில் நடந்ததைச் சொல்லத் தைரியம் வரவில்லை. அவர் புத்தகத்தைப் புரட்டி எண்களைச் சரிபார்த்தார்.

மாலை நாலு மணிக்கு அப்பாவுக்குக் காபி எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். வாசலில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. வெள்ளை அங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து ஐயர் இறங்கினார். அவ்வளவு தூரமும் வெயிலில் மிதித்து வந்திருக்கிறார்.

அப்பா அவரைக் கண்டதும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஓடி வந்தார். ஐயர், "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தார். அதற்குள் அடுத்த ஸ்டேஷனிலிருந்து வண்டி கிளம்பிவிட்டதென்று உள்ளே மணி அடித்தது. அப்பா சங்கடத்தோடு, "மன்னிக்கணுங்கய்யா, விழுப்புரம் வண்டி வருது. அதை அனுப்பிட்டு வந்துடறேன்" என்றார்.

ஐயர் வேப்பமரத்தடியில் நின்றார். வண்டி வந்தது. கூட்டம் இறங்கியது, ஏறியது. அப்பா எஞ்சின்காரரிடமிருந்து டோக்கன் வளையத்தை வாங்கி, முன்னால் பாதை காலி என்பதற்கு அடையாளமாக வேறொன்றைக் கொடுத்து, முன்னும் பின்னும் பார்த்து, பச்சைக்கொடியைக் காட்டினார். கடைசிப் பெட்டி பிளாட்பாரத்தைத் தாண்டுகிறவரை கொடியை இறக்கவில்லை. ஐயர் கையைக் கட்டிக்கொண்டு அது முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். என் அப்பா வேலை செய்கிற அழகை அவர் பார்த்ததில் எனக்கு அவர் மேல் இருந்த கோபம் பாதி போய்விட்டது.

அப்பா திரும்பி வந்ததும் ஐயர் அந்தக் காகிதத்தை எடுத்தார்.

"மூணாவதா நான் எழுதி வச்சிருந்தது, வாசலை அடைச்சுக்கிட்டு நின்ன கூட்டம்" என்றார். "அவங்க கெட்டவங்க இல்லை. ஆசையாக் கேக்க வந்தவங்கதான். ஆனா ஒருத்தர் வெளியில நிக்கிறாரு, அவர் ஏன் உள்ள வர முடியலைன்னு திரும்பிப் பார்க்கலை. வழி விடலை. இதைத்தான் சொல்லணும்னு இருந்தேன். கடிகாரத்தைப் பார்த்ததும் விட்டுட்டேன்." காகிதத்தை மடித்தார். "இன்னைக்குக் காலையில உங்க பொண்ணுகிட்ட, அப்பா ஏன் வர்றதில்லைன்னு கேட்டேன். விசாரிக்காம கேட்டேன். அந்தக் கூட்டத்துல நானும் நின்னுட்டேன். என்னை நீங்க மன்னிக்கணும்."

"ஐயா, நீங்க போய் என்கிட்ட" என்று ஆரம்பித்த அப்பா முடிக்கவில்லை. அவர் கண் நிறைந்திருந்தது. கொடியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

டிக்கெட் ஜன்னல் திறந்தது. "வந்துடுத்தா மூணாவது?" என்று கிளார்க் தலையை நீட்டினார். அப்பா சொன்னார். அவர் வெளியே வந்து, முழுசாகக் கேட்டுவிட்டு, "பேஷ். இதைப் போய் விடலாமோ? இதுன்னா பிரதானம்" என்று ஐயரிடமே சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "நான் சொன்னது தப்பும்மா. நீ மறக்கலை" என்றார்.

ஐயர் கிளம்பும்போது அப்பாவிடம், "இனிமே செவ்வாய்க்கிழமை நீங்க வர்ற நேரம் சொல்லுங்க, நானும் இருப்பேன். திருவிருந்து அன்னைக்கே வச்சுக்கலாம்" என்றார். அப்பமும் திராட்சைரசமும் கொடுக்கிற திருவிருந்து ஞாயிற்றுக்கிழமைதான் நடக்கும், அப்பாவுக்கு அது கிடைப்பதே இல்லை. என் தலையில் கை வைத்து, "இவ கேக்குறான்னு தெரிஞ்சா நான் இனி ஒண்ணையும் விடமாட்டேன்" என்று சிரித்தார். சைக்கிள் மாம்பழச் சாலைப் பக்கம் போகிறவரை அப்பா வெறுந்தலையோடு நின்றுகொண்டிருந்தார். காபி ஆறிப்போயிருந்தது. அதை அப்படியே குடித்தார்.

அடுத்த ஞாயிறு நாங்கள் ஸ்டேஷனுக்கு வந்தபோது அப்பா வழக்கம்போல மரத்தடியில் நின்றார். தொப்பியைக் கழற்றினார். நான் முதல் பாட்டின் எண்ணைச் சொல்லிவிட்டு, பழக்கதோஷத்தில், அவர் புரட்டிப் பார்ப்பதற்காகக் காத்திருந்தேன்.

"சொல்லும்மா" என்றார். இரண்டு கையும் வெறுமையாக இருந்தன. புத்தகம் டிராயரில் இருந்தது. அவர் பென்ஷன் வாங்கி வீட்டோடு வருகிறவரை, ஞாயிற்றுக்கிழமைகளில் அதை வெளியே எடுக்கவே இல்லை.